விலக்கலும் பழக்கலும்

நுழையும்முன்

நன்மை கருதிக் கூறப்படும் அறிவுரைகள் யாவும் நன்மையே பயக்கும் என்று கொள்ள இயலாது. குழந்தைகளைக் காக்கும் நோக்குடன் மருத்துவ உலகம் வழங்கிய ஓர் அறிவுரை, பல ஆண்டுகள் பின்பற்றப்பட்டு வந்தது. 'இது சரிதானா?' என்று வினவினார் ஒரு மருத்துவர். வினவியதோடு நில்லாமல், விடையைச் சான்றுகளின் வழியே தேடினார். ஒரு கேள்வி ஆய்வாகவும், ஆய்வு அறிவாகவும், அறிவு நடைமுறையாகவும் வளர்ந்த வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

உணவும் அச்சமும்

உணவு உயிரைக் காப்பது, உடலை வளர்ப்பது. ஆனால், சில குழந்தைகளுக்கு உணவே பகையாகிவிடுகிறது. பிறர் மகிழ்ந்து உண்ணும் ஒரு துண்டு இனிப்பு, அதில் நிலக்கடலைத் தூள் சிறிதளவு கலந்திருந்தாலும், அக்குழந்தைகளின் உதடுகளை வீங்கச் செய்கிறது. தோலில் தடிப்புகளை எழுப்புகிறது. வயிற்றைப் புரட்டி வாந்தியை உண்டாக்குகிறது. சிலருக்கு மூச்சுக்குழல் சுருங்கி, இரத்த அழுத்தம் சரிந்து, உயிருக்கே ஊறு நேர்கிறது. இதனை உணவு ஒவ்வாமை என்பர்.

பால், முட்டை, கோதுமை, மீன், எள், பருப்புக் கொட்டைகள் முதலிய பல உணவுகள் ஒவ்வாமையைத் தோற்றுவிக்கக் கூடியவை. பாலுக்கும் முட்டைக்கும் உண்டாகும் ஒவ்வாமை, வயது ஏற ஏறப் பெரும்பாலான குழந்தைகளிடம் நீங்கிவிடும். நிலக்கடலை ஒவ்வாமையோ அவ்வாறன்று. பெரும்பாலோரிடம் அது வாழ்நாள் முழுவதும் தொடர்கிறது. அத்தகைய குழந்தையின் பெற்றோர் ஒவ்வோர் உணவுப் பொட்டலத்தின் மீதும் அச்சிடப்பட்ட எழுத்துகளைக் கூர்ந்து படிக்கின்றனர். பள்ளிச் சுற்றுலா, உறவினர் வீட்டு விருந்து, நண்பனின் பிறந்தநாள் என மகிழ்ச்சிக்குரிய ஒவ்வொரு நிகழ்வும் அவர்களுக்குக் கவலைக்குரியதாக மாறுகிறது.

மேலைநாடுகளில் இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலிருந்து நிலக்கடலை ஒவ்வாமை விரைந்து பெருகியது. பத்தே ஆண்டுகளில் அது இரு மடங்காயிற்று. பெருகியதன் காரணம் யாது? தடுக்கும் வழி யாது? இவ்வினாக்கள் குழந்தை மருத்துவர்களை உறங்கவிடாமல் செய்தன.

காவலனின் பிழை

ஒவ்வாமை என்பது உடலின் வலிமைக் குறைவால் தோன்றுவது என்று பலரும் எண்ணுவர். உண்மையில், அது உடலின் காவல் அமைப்பு செய்யும் பிழை. நோய்க்கிருமிகளை எதிர்த்துப் போரிடும் நோய்த்தடைகாப்பு மண்டலம், தீங்கற்ற உணவுப் புரதம் ஒன்றைப் பகையெனத் தவறாகக் கருதிவிடுகிறது. உடனே அப்புரதத்திற்கு எதிராக 'இம்யூனோகுளோபுலின்-ஈ' என்னும் எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. இந்த எதிர்ப்பொருள்கள், தோல், மூச்சுப்பாதை, குடல் ஆகியவற்றில் உள்ள 'மாஸ்ட்' செல்களின் மீது அமர்ந்து காத்திருக்கின்றன.

அதே புரதம் மீண்டும் உடலுக்குள் நுழையும்போது, எதிர்ப்பொருள்கள் அதனைப் பற்றிக்கொள்கின்றன. அக்கணமே மாஸ்ட் செல்கள் தம்முள் சேமித்து வைத்திருந்த ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களைக் கொட்டுகின்றன. அரிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவை இவற்றின் விளைவுகளே. திருடன் வராத வீட்டில் விருந்தினரைத் திருடனென்று எண்ணிக் காவலன் தாக்குவதற்கு ஒப்பானது இது.

எனினும், நாள்தோறும் எத்தனையோ வகை உணவுகளை உண்ணும் மனிதர்களுள் பெரும்பாலோருக்கு ஒவ்வாமை ஏற்படுவதில்லை. குடலின் வழியாக நுழையும் உணவைப் 'பகையன்று' என அடையாளம் கண்டு ஏற்றுக்கொள்ளும் ஆற்றலை உடல் இளமையிலேயே கற்றுக்கொள்கிறது. இதனைச் சகிப்புத்திறன் என்று மருத்துவர் கூறுவர். இப்பாடத்தின் மையக் கருத்து இச்சொல்லில்தான் அடங்கியுள்ளது.

> தெரிந்து தெளிவோம்
>
> பிரெஞ்சு நாட்டு உடலியல் அறிஞர் சார்லஸ் ரிஷே, பால் போர்ட்டியே என்பவருடன் இணைந்து, கடல்வாழ் உயிரிகளின் நச்சுப்பொருளை நாய்களுக்குச் செலுத்தி ஆய்ந்தார். முதன்முறை தாங்கிக்கொண்ட நாய்கள், சில வாரங்களுக்குப் பின் மிகச் சிறிய அளவு செலுத்தியபோதும் இறந்தன. காப்பிற்கு எதிரானது என்னும் பொருள்பட, 1902-இல் இந்நிலைக்கு 'அனாஃபிலாக்சிஸ்' எனப் பெயரிட்டனர். இக்கண்டுபிடிப்பிற்காக ரிஷே 1913-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். 'அலர்ஜி' என்னும் சொல்லை 1906-இல் உருவாக்கியவர், வியன்னாவில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் கிளமென்ஸ் வான் பிர்க்கே.

'விலக்குக' என்னும் அறிவுரை

எப்பொருள் தீங்கு செய்கிறதோ அப்பொருளை விலக்குதல் மனித இயல்பு. மருத்துவ உலகமும் அவ்வாறே எண்ணியது. ஒவ்வாமை நோய்கள் உள்ள குடும்பத்தில் பிறந்த குழந்தைகளுக்கு மூன்று வயது வரை நிலக்கடலையைக் கொடுக்கலாகாது என்று 1998-இல் பிரிட்டன் அரசின் சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. அத்தகைய குடும்பங்களில் கருவுற்ற தாய்மாரும் பாலூட்டும் தாய்மாரும் அதனைத் தவிர்க்கலாம் என்றும் கூறியது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும், ஒவ்வாமைக்கு வாய்ப்பு மிகுந்த குழந்தைகளுக்கு மூன்று வயது வரை நிலக்கடலை வேண்டா என்று பரிந்துரைத்தது.

இவ்வறிவுரை பொதுஅறிவிற்கு ஏற்றதாகத் தோன்றியது. குழந்தையின் குடல் முதிர்ச்சியடையாதது. ஆதலால், அது வலுப்பெறும் வரை காத்திருத்தல் நலம் என்னும் வாதம் ஏற்கத்தக்கதாகவும் இருந்தது. பெற்றோர் அதனை உண்மையாக மதித்துப் பின்பற்றினர். ஆயினும், அவ்வறிவுரைக்கு உறுதியான சோதனைச் சான்று ஏதும் இல்லை. அது பின்பற்றப்பட்ட ஆண்டுகளில் ஒவ்வாமை குறையவும் இல்லை, பெருகிக்கொண்டே சென்றது.

அரங்கில் உயராத கைகள்

இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் குழந்தைகள் ஒவ்வாமைத் துறைப் பேராசிரியராகப் பணியாற்றுபவர் கிடியன் லாக். நிலக்கடலை ஒவ்வாமையால் துன்புறும் குழந்தைகளை நாள்தோறும் கண்டு மருத்துவம் செய்துவந்த அவர், ஒருமுறை இசுரேலின் டெல் அவிவ் நகருக்கு உரையாற்றச் சென்றார். ஏறத்தாழ 200 மருத்துவர்கள் அவ்வரங்கில் குழுமியிருந்தனர். 'கடந்த ஓராண்டில் நிலக்கடலை ஒவ்வாமை உடைய குழந்தையை உங்களுள் எத்தனை பேர் கண்டீர்கள்?' என்று அவர் வினவினார்.

பிரிட்டனில் இவ்வினாவை எழுப்பினால் அரங்கில் உள்ள ஏறத்தாழ அனைவருமே கை உயர்த்துவர். டெல் அவிவிலோ இரண்டு அல்லது மூன்று கைகளே உயர்ந்தன. லாக் வியப்படைந்தார். தம் நாட்டில் இவ்வளவு பரவலாக இருக்கும் நோய், இங்கு மட்டும் அரிதாக இருப்பது ஏன் என்னும் வினா அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

இசுரேலில் குழந்தைகள் விரும்பி உண்ணும் நொறுக்குத்தீனி ஒன்று உண்டு. அதன் பெயர் 'பாம்பா'. சோளமாவைப் பொரியாக உப்பச் செய்து, நிலக்கடலைக் கூழ் சேர்த்துச் செய்யப்படும் அது, வாயில் இட்டதும் கரைந்துவிடும். பல் முளைக்கும் பருவத்துக் குழந்தைகளின் கைகளில் பெற்றோர் அதனைக் கொடுத்துப் பழக்குவது அந்நாட்டு வழக்கம். பிரிட்டனில் மூன்று வயது வரை விலக்கப்பட்ட உணவு, இசுரேலில் முதலாண்டிலேயே உண்ணப்படுகிறது. ஒவ்வாமை மிகுந்திருப்பதோ விலக்கிய நாட்டில். அரிதாக இருப்பதோ உண்ட நாட்டில். இம்முரண் லாக்கின் சிந்தனையைத் தூண்டியது.

ஒரே மரபு, இரு நாடுகள்

ஓர் அரங்கில் உயர்ந்த கைகளை எண்ணிப் பொதுமுடிவுக்கு வருதல் அறிவியல் ஆகாது. லாக்கும் அவருடைய குழுவினரும் அதனை நன்கு உணர்ந்திருந்தனர். இரு நாட்டு மக்களின் பிறப்பு மரபு வேறாக இருப்பதனால்கூட இவ்வேறுபாடு தோன்றியிருக்கலாம் அல்லவா? அந்த ஐயத்தை நீக்க, அவர்கள் ஒப்பிடத்தக்க இரு குழுக்களைத் தேர்ந்தனர். பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகள் ஒரு குழு. இசுரேலில் வாழும் யூதக் குழந்தைகள் மற்றொரு குழு. மரபு ஒத்தது, வாழும் இடமும் உணவுப் பழக்கமும் வேறு.

ஒவ்வொரு நாட்டிலும் 5,000-க்கு மேற்பட்ட பள்ளிக் குழந்தைகளைப் பற்றி வினாநிரல் வழியே செய்திகள் திரட்டப்பட்டன. 2008-இல் வெளியான முடிவு பலரையும் திகைக்க வைத்தது. பிரிட்டனில் 1.85 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு நிலக்கடலை ஒவ்வாமை இருந்தது, இசுரேலில் 0.17 விழுக்காடு மட்டுமே. ஏறத்தாழப் பத்து மடங்கு வேறுபாடு! கைக்குழந்தைகளின் உணவுப் பழக்கமும் தனியே ஆராயப்பட்டது. ஒன்பது மாதங்கள் நிறைவதற்குள் நிலக்கடலை உண்ணத் தொடங்கியோர் இசுரேலில் 69 விழுக்காட்டினர். பிரிட்டனில் 10 விழுக்காட்டினர்.

தோலின் வழியும் வாயின் வழியும்

இவ்வாய்வுக்கு முன்னரே லாக் மற்றொரு தடயத்தைக் கண்டறிந்திருந்தார. இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் பிறந்த ஏறத்தாழ 14,000 குழந்தைகளின் வளர்ச்சியைப் பதிவு செய்துவந்த நெடுங்கால ஆய்வொன்றின் தரவுகளை அவரும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து, 2003-இல் வெளியிட்டனர். கரப்பான் நோயால் தோல் வெடித்துப் புண்ணான குழந்தைகளுக்கே நிலக்கடலை ஒவ்வாமை மிகுதியாக இருந்தது. நிலக்கடலை எண்ணெய் கலந்த களிம்புகளைத் தோலில் பூசப்பெற்ற குழந்தைகளிடமும் அது கூடுதலாகக் காணப்பட்டது. தாய் கருவுற்றிருந்தபோது நிலக்கடலை உண்டதற்கும் குழந்தையின் ஒவ்வாமைக்கும் தொடர்பு இருந்ததாகத் தெரியவில்லை.

இவ்விரு தடயங்களையும் இணைத்து லாக் ஒரு கருதுகோளை முன்வைத்தார். உண்ணாத குழந்தையையும் நிலக்கடலை வந்தடையும். பெற்றோரின் கைகளிலும் வீட்டுத் தூசியிலும் மெத்தையிலும் அதன் புரதம் படிந்திருக்கும். கரப்பானால் சிதைந்த தோல், வேலி பிரிந்த தோட்டம் போன்றது. அவ்வழியே நுழையும் புரதத்தைக் காவல் அமைப்பு பகையென்று பதிவு செய்துகொள்கிறது. அதே புரதம் வாய் வழியே குடலை அடைந்தால், உணவென்று ஏற்றுக்கொள்கிறது. எனவே, எது முந்துகிறது என்பதைப் பொறுத்தே ஒவ்வாமையோ சகிப்புத்திறனோ அமைகிறது. உண்ணாமல் காத்திருக்கும் காலம் குழந்தைக்குக் காப்பாகாமல், தோலின் வழி முந்திக்கொள்ள இடம் கொடுத்துவிடுகிறது.

கருதுகோள் பொருத்தமாகவே இருந்தது. ஆனால், பொருத்தமாக இருப்பது வேறு, மெய்ப்பிக்கப்படுவது வேறு. 'விலக்குக' என்னும் பழைய அறிவுரையும் ஒரு காலத்தில் பொருத்தமாகத் தோன்றியதுதானே!

துணிவும் பொறுப்பும்

மெய்ப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. ஒவ்வாமைக்கு வாய்ப்பு மிகுந்த குழந்தைகளுள் ஒரு சாராருக்கு நிலக்கடலையைக் கொடுத்தும், மறு சாராரை விலக்கச் செய்தும் ஒப்பிட வேண்டும். கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. எதனை உண்டால் ஆபத்து என்று பெற்றோர் அஞ்சினரோ, அதனையே தம் கைக்குழந்தைக்கு ஊட்டுமாறு அவர்களிடம் கேட்க வேண்டும். உடன்படும் பெற்றோருக்குத் துணிவு தேவை. கேட்கும் மருத்துவருக்கு அதனினும் மிகுந்த பொறுப்பு தேவை.

இலண்டனில் 2006-ஆம் ஆண்டு இறுதியில் இவ்வாய்வு தொடங்கியது. 'லீப்' என்பது அதன் சுருக்கப் பெயர். ஜார்ஜ் டு டாய்ட் உள்ளிட்ட மருத்துவர்கள் லாக்குடன் இணைந்து செயற்பட்டனர். நான்கு மாதம் முதல் பதினொரு மாதம் வரையிலான 640 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். அனைவரும் கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இரண்டுமோ உடையவர்கள். முதலில் ஒவ்வொருவருக்கும் தோல் சோதனை செய்யப்பட்டது. நிலக்கடலைச் சாற்றின் துளியைத் தோலில் இட்டு, மெல்லக் குத்தி, எழும் தடிப்பை அளப்பதே அச்சோதனை. நான்கு மில்லிமீட்டருக்கு மேல் தடிப்பு எழுந்த குழந்தைகளிடம் ஒவ்வாமை முன்னரே தோன்றியிருக்க வாய்ப்புண்டு. ஆதலால், அவர்கள் ஆய்வில் சேர்க்கப்படவில்லை.

சேர்க்கப்பட்ட குழந்தைகள் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். இதன் இன்றியமையாமையை மாணவர் உணர்தல் வேண்டும். எக்குழுவில் சேர்வது என்பதைப் பெற்றோரின் விருப்பத்திற்கு விட்டிருந்தால், நோய் கடுமையாக உள்ள குழந்தையின் பெற்றோர் அச்சத்தால் விலக்கும் குழுவையே நாடியிருப்பர். பின்னர் அக்குழுவில் ஒவ்வாமை மிகுந்தால், அது விலக்கியதால் வந்ததா, முன்னரே இருந்த நோயால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. சமவாய்ப்பு முறை இக்குழப்பத்தை நீக்குகிறது.

உண்ணும் குழுவினர் வாரத்திற்கு மூன்று வேளைக்குக் குறையாமல், மொத்தம் 6 கிராம் நிலக்கடலைப் புரதம் உண்ண வேண்டும். பாம்பாவை விரும்பாத குழந்தைக்கு நிலக்கடலைக் கூழ் கொடுக்கப்பட்டது. முதல் ஊட்டல் மருத்துவர்களின் கண்காணிப்பில் நிகழ்ந்தது. அப்போதே ஏழு குழந்தைகளுக்கு ஒவ்வாமை வெளிப்பட்டது. அவர்கள் நிலக்கடலையைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்பட்டனர். எனினும், அவர்களைக் கணக்கிலிருந்து நீக்காமல் உண்ணும் குழுவிலேயே வைத்து முடிவு கணக்கிடப்பட்டது. தமக்குச் சாதகமற்ற செய்தியை மறைக்காத நேர்மை இது. பெற்றோர் கூறுவதை மட்டும் நம்பாமல், குழந்தைகளின் படுக்கைத் தூசியில் உள்ள நிலக்கடலைப் புரதத்தை அளந்தும் உறுதி செய்துகொண்டனர். குழந்தைகள் ஐந்து வயதை எட்டும் வரை ஆய்வு தொடர்ந்தது.

எண்கள் கூறிய உண்மை

2015-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் முடிவு வெளியானது. 628 குழந்தைகளின் இறுதி நிலை கண்டறியப்பட்டிருந்தது. குழுவிற்கு 314 பேர். விலக்கும் குழுவில் 54 குழந்தைகளுக்கு நிலக்கடலை ஒவ்வாமை தோன்றியிருந்தது. உண்ணும் குழுவில் 10 குழந்தைகளுக்கு மட்டுமே அது இருந்தது. விழுக்காட்டில் கூறின், 17.2-க்கு எதிராக 3.2. ஐந்தில் நான்கு பங்கு ஒவ்வாமை தடுக்கப்பட்டிருந்தது!

தோல் சோதனையில் முன்னரே சிறு தடிப்பு எழுந்த குழந்தைகளிடமும் இப்பயன் காணப்பட்டது. அவர்களுள் விலக்கியோரில் 35.3 விழுக்காட்டினருக்கும், உண்டோரில் 10.6 விழுக்காட்டினருக்கும் ஒவ்வாமை இருந்தது. ஒவ்வாமையின் வாயிலில் நின்ற குழந்தைகளுள் பலரைக்கூடத் திருப்பி அழைத்துவர முடிந்தது என்பதே இதன் பொருள்.

அடுத்தொரு வினாவும் எழுந்தது. உண்பதை நிறுத்திவிட்டால் காப்பு மறைந்துவிடுமா? இதனை அறிய, இரு குழுக் குழந்தைகளும் ஓராண்டு முழுவதும் நிலக்கடலையைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். 2016-இல் வெளியான முடிவின்படி, ஓராண்டுக்குப் பின்னரும் உண்ட குழுவில் 4.8 விழுக்காட்டினருக்கும் விலக்கிய குழுவில் 18.6 விழுக்காட்டினருக்கும் ஒவ்வாமை இருந்தது. அதே குழந்தைகள் வளரிளம் பருவத்தை அடைந்தபின் மீண்டும் சோதிக்கப்பட்டனர். இடைப்பட்ட ஆண்டுகளில் அவரவர் விருப்பப்படி உண்டோ உண்ணாமலோ இருந்தபோதிலும், அக்காப்பு நிலைத்திருந்ததை 2024-இல் வெளியான ஆய்வு காட்டியது. குழந்தைப் பருவத்தில் உடல் கற்ற பாடம் மறக்கப்படவில்லை.

ஆய்வின் எல்லைகள்

வெற்றியை மட்டும் கூறி எல்லையைக் கூறாது விடுதல் அறிவியல் நெறியன்று. உண்ட குழுவிலும் பத்துக் குழந்தைகளுக்கு ஒவ்வாமை தோன்றியதை மறக்கலாகாது. நிலக்கடலைக்குப் பொருந்திய உண்மை பிற உணவுகள் அனைத்திற்கும் அவ்வாறே பொருந்துமா என்பதையும் தனியே சோதிக்க வேண்டியிருந்தது. லாக் குழுவினரின் மற்றோர் ஆய்வில், தாய்ப்பால் உண்ணும் 1,303 குழந்தைகள் பங்கேற்றனர். பால், முட்டை, நிலக்கடலை, எள், மீன், கோதுமை ஆகிய ஆறு உணவுகளையும் மூன்றாம் மாதம் முதலே ஒரு சாராருக்குக் கொடுக்குமாறு கூறப்பட்டது. சொன்ன அளவில் விடாது ஊட்டப்பட்ட குழந்தைகளிடம் நிலக்கடலை, முட்டை ஒவ்வாமைகள் குறைந்தன. ஆனால், பெற்றோர் பலரால் அவ்வாறு தொடர்ந்து ஊட்ட இயலவில்லை. ஆதலால், குழு முழுமையையும் கணக்கிட்டபோது உறுதியான வேறுபாடு கிட்டவில்லை. ஆய்வகத்தில் மெய்யாவது அடுக்களையிலும் இயலுவதாக இருத்தல் வேண்டும் என்பதை இம்முடிவு உணர்த்தியது.

> தெரிந்து தெளிவோம்
>
> சிறு குழந்தைகளுக்கு முழு நிலக்கடலையைக் கொடுத்தலாகாது. அது மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும். நன்கு அரைத்து நெகிழ்த்திய வடிவிலேயே கொடுத்தல் வேண்டும். கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்கு முதன்முதலில் நிலக்கடலை கொடுப்பதற்கு முன் மருத்துவரின் அறிவுரையைப் பெறுதல் இன்றியமையாதது. முன்னரே ஒவ்வாமை உள்ளவர்க்கு வீட்டில் ஊட்டிச் சோதித்தல் உயிருக்கு ஆபத்தாகும்.

ஒவ்வாமை வந்தபின்

தடுப்பு, இனி வரும் குழந்தைகளுக்குப் பயன்படும். முன்னரே ஒவ்வாமையுற்ற குழந்தைகளுக்கு வழி என்ன? நெடுங்காலம் இரண்டே வழிகள் இருந்தன: ஒன்று, அவ்வுணவை முற்றும் தவிர்த்தல், மற்றொன்று, தவறி உண்டுவிட்டால் உடனே தொடையில் அட்ரினலின் ஊசி செலுத்துதல். மூச்சுத்திணறலும் மயக்கமும் தோன்றும் கடுமையான நிலையில் உயிர் காக்கும் முதல் மருந்து இன்றும் அட்ரினலினே.

அண்மைக் காலத்தில் 'வாய்வழித் தடைகாப்பு மருத்துவம்' என்னும் முறை வளர்ந்துள்ளது. மிக நுண்ணிய அளவு நிலக்கடலை மாவை நாள்தோறும் கொடுத்து, பல மாதங்களில் படிப்படியாக அளவை உயர்த்துவது இதன் நெறி. கேம்பிரிட்ஜ் நகரின் ஆடன்புரூக்ஸ் மருத்துவமனையில் ஆண்ட்ரூ கிளார்க், பமிலா இவான் ஆகியோர் 7 முதல் 16 வயது வரையிலான 99 குழந்தைகளிடம் நிகழ்த்திய ஆய்வு 2014-இல் வெளியானது. 2 மில்லிகிராமில் தொடங்கி, நாளொன்றுக்கு 800 மில்லிகிராம் வரை புரதத்தை அவர்களுள் பெரும்பாலோரால் உண்ண முடிந்தது. அது ஏறத்தாழ ஐந்து கடலைகளின் அளவு.

ஐந்து கடலை என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால், தவறுதலாக வாயில் பட்ட ஒரு துகளுக்கே அஞ்சி வாழ்ந்த குடும்பத்திற்கு அது பெரும் விடுதலை. இம்முறையில் அமைந்த மருந்து ஒன்றிற்கு 2020-இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இசைவளித்தது. இம்யூனோகுளோபுலின்-ஈ எதிர்ப்பொருளைப் பிணைத்துச் செயலிழக்கச் செய்யும் 'ஓமாலிசுமாப்' என்னும் ஊசிமருந்தை உணவு ஒவ்வாமைக்குப் பயன்படுத்த 2024-இல் அவ்வமைப்பு இசைந்தது. இவை நோயை அடியோடு நீக்குவன அல்ல. உடல் தாங்கும் அளவை உயர்த்துவனவே. மருத்துவத்தின்போதே ஒவ்வாமை மீறி எழக்கூடும் என்பதால், தேர்ந்த மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே வாய்வழி மருத்துவம் மேற்கொள்ளப்படுகிறது.

மாறிய அறிவுரை

ஆய்வு முடிவு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. சான்று போதாது என்று உணர்ந்த அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், தன் பழைய பரிந்துரையை 2008-லேயே கைவிட்டிருந்தது. பிரிட்டனும் அடுத்த ஆண்டில் தன் அறிவுரையை மாற்றிக்கொண்டது. லீப் ஆய்வு வெளிவந்தபின், 2017-இல் அமெரிக்காவில் புதிய வழிகாட்டுதல் வெளியிடப்பட்டது. ஒவ்வாமைக்கு வாய்ப்பு மிகுந்த குழந்தைக்கு, மருத்துவர் ஆய்ந்து கூறியபடி, நான்கு முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே நிலக்கடலை உணவைத் தொடங்குமாறு அது பரிந்துரைத்தது. 'மூன்று ஆண்டுகள் காத்திரு' என்னும் குரல், 'காலம் தாழ்த்தாதே' என்று மாறியது.

பழைய அறிவுரையை வழங்கியவர்கள் குழந்தைகளுக்குத் தீங்கு நினைத்தவர்கள் அல்லர். அன்று அறிந்தவற்றைக் கொண்டு நல்லெண்ணத்துடன் கூறினர். குறை அவர்தம் எண்ணத்தில் இல்லை. சோதித்துப் பாராததில் இருந்தது. அதேபோல், அவ்வறிவுரையை ஏற்று நடந்த பெற்றோரும் குற்றவுணர்வு கொள்ள வேண்டியவர் அல்லர். தம் தவற்றைத் தாமே கண்டறிந்து, வெளிப்படையாக ஏற்று, திருத்திக்கொள்ளும் பண்புதான் அறிவியலின் பெருமை.

அரங்கில் உயராத கைகளைக் கண்ட லாக், வியப்புடன் அதனைக் கடந்து சென்றிருக்கலாம். அவர் நின்றார், வினவினார், எண்ணினார், சோதித்தார். அவரை நம்பி 640 குடும்பங்கள் தம் குழந்தைகளுடன் வந்தன. தாம் எந்தக் குழுவில் இடம்பெறுவோம் என்று அறியாமலே ஆய்வில் சேர்ந்த அக்குடும்பங்கள், எம்முடிவு கிட்டும் என்று அறியாமலே, குழந்தைகள் ஐந்து வயதை எட்டும் வரை ஒத்துழைத்தன. அவர்களின் பெயர்களை உலகம் அறியாது. இன்று எங்கோ ஒரு வீட்டில், ஆறு மாதக் குழந்தையொன்று நிலக்கடலைக் கூழை நாவால் தொட்டு முகம் சுளித்து, பின் மீண்டும் வாய் திறக்கிறது. அக்குழந்தையின் அச்சமற்ற நாளைக்குப் பின்னே, ஒரு மருத்துவரின் கேள்வியும் அக்குடும்பங்களின் நம்பிக்கையும் நிற்கின்றன.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் வீட்டில் வழிவழியாகக் கூறப்படும் உணவு சார்ந்த அறிவுரைகளுள் ஐந்தைத் தொகுத்து, அவற்றின் உண்மையை எவ்வாறு சோதிக்கலாம் என வகுப்பில் கலந்துரையாடுக.
2. உணவுப் பொட்டலங்கள் சிலவற்றைத் திரட்டி, ஒவ்வாமை குறித்த அறிவிப்புகள் அவற்றில் இடம்பெற்றுள்ள முறையை அட்டவணைப்படுத்துக.
3. உணவு ஒவ்வாமை உள்ள வகுப்புத் தோழருக்குப் பள்ளி விழாவில் எவ்வாறு துணைநிற்கலாம் என்பது குறித்து ஒரு பக்க அளவில் எழுதுக.

மதிப்பீடு

குறுவினா
1. சகிப்புத்திறன் என்பதனை விளக்குக.
2. இரு நாடுகளிலும் யூதக் குழந்தைகளையே ஒப்பிட்டமைக்குக் காரணம் யாது?

சிறுவினா
1. தோலின் வழி நுழையும் புரதத்திற்கும் வாயின் வழி நுழையும் புரதத்திற்கும் உடல் காட்டும் எதிர்வினைகளை ஒப்பிடுக.
2. லீப் ஆய்வில் சமவாய்ப்பு முறை பின்பற்றப்பட்டதன் இன்றியமையாமையை எழுதுக.

நெடுவினா
1. 'நல்லெண்ணம் மட்டும் போதாது; சோதித்தறிதலும் வேண்டும்' என்னும் கருத்தை, நிலக்கடலை ஒவ்வாமை ஆய்வின் வழி நின்று நிறுவுக.